வேலூரில் ஒரு கடையில் மட்டும் ஸ்விஃப்ட் விலை ரொம்பக் குறைவு, வாங்கலாமா?

கேள்வி (சத்துவாச்சாரி):
வணக்கம். வீட்டுக்கு முதல் கார். 2018 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் தேடுகிறேன். கேட்ட இடத்திலெல்லாம் 5 லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். காட்பாடி ரோட்டில் ஒரு பழைய கார் கடையில் மட்டும் 4.20 லட்சம். கேஏ (கர்நாடகா) நம்பர். ஓட்டிப் பார்த்தேன், குறை எதுவும் தெரியவில்லை. அப்பாவோ, "மலிவா குடுத்தா வண்டியில கோளாறு இருக்கும்" என்கிறார். விலை குறைந்தால் தரமும் குறைவுதானா?

பதில் (குடியாத்தம், மெக்கானிக்):
கேஏ நம்பர் என்றீர்களே தம்பி, பாதி காரணம் அங்கேயே இருக்கிறது. பெங்களூர் ஹைவே வழியாக நம்ம ஊருக்கு வந்து இறங்கும் வண்டிகள் நிறைய. அதை வேலூர் நம்பரான டிஎன் 23-க்கு மாற்ற அந்த ஊர் ஆர்டிஓவிடம் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், தமிழ்நாட்டு வாகன வரியும் கட்ட வேண்டும். 4.20-ல் இதெல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். அடக்கம் இல்லை என்றால் அந்த விலை மலிவே கிடையாது.

வண்டியைப் பார்க்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. கார்ப்பெட்டைத் தூக்கி சீட் போல்ட்டுகளில் துருவைப் பாருங்கள். பானெட் போல்ட்டில் பெயிண்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது, ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள். அதற்கு முன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள், புகையும் சத்தமும் அமுங்கிவிடும். இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.

பதில் (ராணிப்பேட்டை):
அப்பா பயப்படுவது நியாயம்தான். ஆனால் நல்ல வண்டியும் விலை குறையும். கடன் வாங்கி ஸ்டாக் எடுத்த கடைக்காரருக்கு நிற்கிற வண்டிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும், சீக்கிரம் தள்ளிவிடப் பார்ப்பார். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ல் 23வது வாரம் தயாரானது. நாலு டயரும் பழசு என்றால் அந்தச் செலவையும் விலையில் பேசுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. போய்க் கேட்டேன். என்ஓசி, வரி எல்லாம் என் தலையில்தானாம். பெல்ட் சுத்தமாக இருந்தது. ஆர்சியில் மட்டும் ஒரு வங்கியின் பெயர் இருக்கிறது. "அது முடிஞ்ச கடன், பாத்துக்கலாம்" என்கிறார் கடைக்காரர்.

பதில் (குடியாத்தம், மெக்கானிக்):
முடிந்த கடன் என்றால் வங்கியின் என்ஓசியும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் (ஆர்சியில் இருந்து கடனை நீக்கும் படிவம்) அவர் கையில் இருக்க வேண்டுமே. அது இல்லாமல் ஆர்டிஓவில் வங்கி பெயரை நீக்க மாட்டார்கள். அதைக் காட்டும் வரை ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்:
சரிண்ணா, அப்படியே சொல்லிவிட்டேன். பேப்பர் வந்தால் டிஎன் வரியைக் கணக்குப் போட்டு, அந்தத் தொகையைக் குறைத்துக் கேட்கிறேன். வரவில்லை என்றால் வேறு வண்டி பார்க்கிறேன்.