சாப்பிட்ட சிறிது நேரத்தில் நாய் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுகிறது

கேள்வி: மாந்தோப்பு, காவேரிப்பட்டினம் அருகே

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோப்பில் நான்கு வயது நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. காலையில் மோர் ஊற்றிய ராகிக் களியும், இரவில் சோற்றோடு கோழிக் கழிவும் கொடுத்து வளர்த்து வருகிறோம். சில வாரங்களாக, சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்துக்குள் தின்றதை வெளியே தள்ளிவிடுகிறது. களி கரையாமல், நுரைத்த எச்சிலோடு கட்டி கட்டியாக வந்து விழுகிறது. விழுந்ததை அதுவே மறுபடியும் தின்கிறது. பசி குறையவில்லை. ஆனாலும் விலா எலும்பை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்கு இளைத்துவிட்டது. கடையில் வாங்கிய குடற்புழு மாத்திரை கொடுத்தும் மாற்றம் இல்லை. மாங்கொட்டையை விழுங்கியிருக்கும் என்கிறார் மாமனார். வீட்டில் என்ன செய்யலாம், எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பாலக்கோடு வாசி

சகோதரி, உங்கள் மாமனாரின் சந்தேகத்தை ஒதுக்கிவிடக் கூடாது. கிளிமூக்கு மாங்காய் குவியும் பருவத்தில் நம் பக்கத்து நாய்களுக்கு மாங்கொட்டையால் குடலடைப்பு வருவது உண்டு. வயிற்றில் சில காலம் சும்மா கிடந்த கொட்டை, பிறகு நகர்ந்து குடலில் சிக்கிக்கொள்வதும் நடக்கும். ஆனால் அடைப்பு வந்த நாய் பெரும்பாலும் தீனியைத் தொடாது, குடித்த தண்ணீரையும் கக்கும், வயிற்றைத் தொட்டால் முனகும். உங்கள் நாய் பசியோடு தின்கிறது என்பதால் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

அவசரமாக விழுங்குகிற நாயாக இருந்தால், களியைத் தளர்வாகக் கரைத்து அகலமான தாம்பாளத்தில் பரப்பி வையுங்கள். ஒரே வேளையாகக் கொட்டாமல் நான்கைந்து முறையாகப் பிரித்துக் கொடுங்கள். இதற்கே சில நாய்கள் சரியாகிவிடும். மனிதர்களுக்கான வாந்தி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; குடலில் அடைப்பு இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், கிருஷ்ணகிரி

அம்மா, முதலில் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். உணவு வெளியே வரும்போது நாய் வயிற்றை எக்கி எக்கிக் குமட்டுகிறதா, அல்லது தலையைத் தாழ்த்தியதும் எந்தச் சிரமமும் இல்லாமல் வழிந்து விழுகிறதா? வயிறு எக்கி, வாயில் நீர் ஊறி, மஞ்சள் பித்தமோ பாதி செரித்த உணவோ வந்தால் அது வாந்தி. கோளாறு இரைப்பையிலோ, குடலிலோ, கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளிலோ இருக்கும். எக்காமலே செரிக்காத உணவு வந்தால் அது எதுக்களிப்பு. உணவு இரைப்பைக்கே போய்ச் சேரவில்லை, உணவுக்குழாயிலேயே தங்கித் திரும்புகிறது என்று பொருள். இரண்டுக்கும் பரிசோதனையும் வேறு, மருந்தும் வேறு. சாப்பிடும்போதும் அதன் பிறகும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவருக்கு அந்தக் காட்சி பெரிய உதவியாக இருக்கும்.

பொதுவாக எல்லோருக்கும் சொல்கிறேன். ஒன்றும் வராமல் வெறுமனே குமட்டிக்கொண்டே இருந்து வயிறு உப்பினால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியோடு இரத்தமாகக் கழிந்தால் பார்வோ என்னும் வைரஸ் தொற்றாக இருக்கலாம். தோப்பில் பூச்சிமருந்து அடித்த பிறகு நாய் எச்சில் வடித்து நடுங்கினால் அது நஞ்சாக இருக்கலாம். இந்த மூன்றிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:

நன்றி ஐயா. இன்று உட்கார்ந்து பார்த்தேன். வயிறு எக்கவே இல்லை. கழுத்தை நீட்டித் தலையைக் குனிந்தது, களி நீளவாக்கில் வந்து விழுந்தது. இரவில் கொஞ்சம் இருமுகிறது. தோப்பில் ஓணான் பிடித்துத் தின்பது அதன் வழக்கம். மாட்டுக் கொட்டகையையும் விட்டு நகராது. கழிவைச் சில நாட்களில் வேகவைக்காமலும் போட்டிருக்கிறோம்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், கிருஷ்ணகிரி

நீங்கள் சொல்வது எதுக்களிப்புதான். இருமல் இருப்பதால் நாள் கடத்தாதீர்கள். திரும்பி வரும் உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும், இந்தக் கோளாறில் நாய்கள் இறப்பது பெரும்பாலும் அதனால்தான்.

காரணம் உணவுக்குழாய் விரிந்து வலுவிழந்ததாக இருக்கலாம், எலும்புத் துண்டு சிக்கியதாக இருக்கலாம். உங்கள் நாயின் பழக்கங்களைக் கேட்டபின் எனக்கு அதிகச் சந்தேகம் ஸ்பைரோசெர்கா என்னும் புழுவின் மேல்தான். நாயின் மலத்தில் வெளிவரும் இதன் முட்டையைச் சாணி வண்டு தின்கிறது. அந்த வண்டையோ, வண்டைத் தின்ற ஓணான், கோழி, எலி போன்றவற்றையோ பச்சையாகத் தின்னும் நாய்க்குப் புழு தொற்றுகிறது. இளம்புழு இரைப்பைச் சுவரைத் துளைத்து, இரத்தக்குழாய் வழியாக, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான பெருந்தமனியின் சுவருக்குப் போய், அங்கே சுமார் மூன்று மாதம் தங்கி, பிறகு உணவுக்குழாய்க்கு வந்து கட்டியை உண்டாக்குகிறது. நாட்பட்டால் அந்தக் கட்டி புற்றாகவும் மாறக்கூடும். கடையில் வாங்கும் வழக்கமான குடற்புழு மாத்திரைகளை நம்பி இதை விட்டுவிட முடியாது. மலப் பரிசோதனையில் முட்டை தென்படாமலும் போகும் என்பதால் மார்பு எக்ஸ்ரேயும், முடிந்தால் குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியும் வேண்டும். புழு என்று உறுதியானால் டோராமெக்டின் ஊசியை மருத்துவர் எடை பார்த்து, இடைவெளி விட்டுப் பலமுறை போடுவார். மாட்டுக்கு வாங்கி வைத்த ஊசியை நீங்களே அளந்து போட வேண்டாம்.

எக்ஸ்ரே வசதி அருகில் கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். ஓசூர்ப் பக்கத்தார்க்குப் பெங்களூரு ஹெப்பாளக் கல்லூரி வசதிப்படும். நாட்டு நாய்தானே என்று விட்டுவிடாமல் நீங்கள் கேட்டது எனக்கு மனநிறைவாக இருக்கிறது. நான்கு வயது நாய் இன்னும் பல ஆண்டுகள் வாழ வேண்டியது.

போகும் வரைக்கும் உணவைத் தரையில் வைக்காதீர்கள். முன்னங்கால்களைத் திண்ணையின் மேல் வைத்து, உடல் நிமிர்ந்த நிலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, தின்ற பிறகும் கால் மணி நேரம் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். கூழாகக் கரைத்தது சில நாய்களுக்கு இறங்கும், சிலவற்றுக்குச் சிறு உருண்டைதான் இறங்கும். எது திரும்பி வரவில்லையோ அதையே தொடருங்கள். கழிவை இனி நன்றாக வேகவைத்து, எலும்பை நீக்கிப் போடுங்கள். நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிக் குழியில் ஆழமாகப் புதையுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள்.