ஓடிட் அறிக்கை சுத்தம், ஸ்லிதரும் சுத்தம், ஆனால் டோக்கனை விற்க முடியவில்லை: எங்கே பார்ப்பது?

உப்புவெளியான்:

வணக்கம். நான் திருகோணமலையில் இணையத்தள வேலை செய்கிறவன். சொலிடிட்டி (டோக்கன்களின் நிரலை, அதாவது கொன்ட்ராக்டை, எழுதும் மொழி) ஓரளவு வாசிப்பேன், ஆனால் ஓடிட், அதாவது அந்த நிரலின் பாதுகாப்பைச் சோதிப்பது, என் தொழில் இல்லை. நிலாவெளியில் இருந்து புறாமலைக்குப் படகு ஓட்டும் மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் சீட்டுக் காசை ஒரு புது டோக்கனில் (கிரிப்டோ நாணயம்) போடப் போகிறார்களாம். வெளியூரில் இருந்து வந்த ஒருவர் கூட்டம் வைத்து, தடிப்பான ஓடிட் அறிக்கை ஒன்றும் கொடுத்திருக்கிறார். ஆள் சேர்த்தால் போனஸும் உண்டாம். "நீ கொம்பியூட்டர் ஆள்தானே, ஒருக்காப் பார்த்துச் சொல்லு" என்று மாமா அந்த பிடிஎஃப்பை எனக்கு அனுப்பிவிட்டார்.

டோக்கன் பிஎன்பி செயின் என்ற பிளொக்செயினில் இருக்கிறது. மூலக்குறிமுறை, அந்தச் செயினைப் பார்க்கும் தளமான பிஎஸ்சி ஸ்கேனில் வெரிஃபை செய்யப்பட்டு எல்லோரும் வாசிக்கக் கிடைக்கிறது, சொலிடிட்டி 0.8.19. குறிமுறையில் பிழை தேடும் ஸ்லிதர் என்ற கருவியை ஓட்டினேன். ஹை (பெரிய ஆபத்து) ஒன்றுமில்லை, பெயரிடல் முறை, பிராக்மா, பூச்சிய முகவரிச் சோதனை இல்லை என்ற சில்லறைகள்தான். ஓனர் பூச்சிய முகவரி, அதாவது உரிமையைத் துறந்துவிட்டார்கள்.

அப்புறம் ஃபவுண்ட்ரி என்ற சோதனைக் கருவியில் செயினை ஃபோர்க் செய்து (என் கணினியில் நகலெடுத்து), பான்கேக்ஸ்வாப் என்ற டோக்கன் மாற்றுத் தளத்தின் ரவுட்டர் வழியாக வாங்கிப் பார்த்தேன், சரி. அதே டெஸ்டில் உடனே விற்றால் 'ட்ரான்ஸ்ஃபர் ஃப்ரம் ஃபெயில்ட்' என்று ரிவர்ட் ஆகிறது, அதாவது தோற்றுத் திரும்புகிறது. பிழை என் டெஸ்டிலா, டோக்கனிலா?

கொட்டியாரம்:

காசைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படு தம்பி.

உப்புவெளியான்:

சொல்லிப் பார்த்தேன் அண்ணா. "அறிக்கையில் பாஸ் என்று இருக்கிறது, நீ என்ன பெரிய ஆளா" என்கிறார்கள். எந்த வரியில் என்ன இருக்கிறது என்று காட்டினால்தான் கேட்பார்கள்.

கேஸ்லிமிட்:

முதலில் டெஸ்டைச் சந்தேகப்படுங்கள். ஃபவுண்ட்ரியில் பிராங்க் (வேறொரு முகவரியின் பெயரில் அழைப்பது) என்பது அடுத்து வரும் ஒரு அழைப்புக்கு மட்டும்தான். அப்ரூவ் (டோக்கனை எடுக்க ரவுட்டருக்கு அனுமதி) கொடுத்ததோடு அது முடிந்திருந்தால், ஸ்வாப் (டோக்கனை மாற்றுவது) உங்கள் டெஸ்ட் கொன்ட்ராக்டின் பெயரில் போகும். அதனிடம் டோக்கனும் இல்லை, அனுமதியும் இல்லை. ஸ்டார்ட் பிராங்க் போட்டுப் பாருங்கள். இரண்டாவது, பரிமாற்றத்தில் கட்டணம் வெட்டுகிற டோக்கனாக இருந்தால் சாதாரண ஸ்வாப் சரிவராது. அதற்கென்று தனி ஃபங்ஷன் இருக்கிறது, பெயரிலேயே 'சப்போர்ட்டிங் ஃபீ ஒன் ட்ரான்ஸ்ஃபர்' என்று வரும்.

உப்புவெளியான்:

ஆரம்பத்தில் இருந்தே ஸ்டார்ட் பிராங்க்தான். கட்டண ஃபங்ஷனும் மாற்றிப் பார்த்தேன், அதே செய்தி. ஒரு வொலட்டில் இருந்து இன்னொரு வொலட்டுக்கு அனுப்பினால் ஒரு பிரச்சினையும் இல்லை.

வரிவரியாய்:

அந்தக் கடைசி வசனம்தான் முக்கியம் தம்பி. வாங்கும்போது அனுப்புகிறவர் லிக்விடிட்டி பெயார் (வாங்க விற்க வேண்டிய இருப்பை வைத்திருக்கும் கொன்ட்ராக்ட்). விற்கும்போது பெறுகிறவர் பெயார். ஆளுக்கு ஆள் அனுப்பும்போது பெயார் எந்தப் பக்கத்திலும் இல்லை. மூன்றில் விற்பது மட்டும் விழுகிறது என்றால், பெறும் முகவரியைப் பார்த்து யாரோ முடிவெடுக்கிறார்கள். கட்டணப் பிழையென்றால் பெரும்பாலும் 'கே' என்று முடியும் செய்தி வந்திருக்கும், இது வராது.

ரவுட்டர் தரும் செய்தியோடு நிற்க வேண்டாம், அது உள்ளே நடந்த உண்மையான காரணத்தை விழுங்கிவிட்டுத் தன் பொதுச் செய்தியைத்தான் காட்டும். ஃபோர்ஜ் டெஸ்டை மூன்று வி போட்டு ஓட்டு, தோற்ற டெஸ்டின் ட்ரேஸ் (எது எதை அழைத்தது என்ற பட்டியல்) முழுவதும் வரும். ஆக ஆழத்தில் எது தோற்கிறது என்று எழுது.

உப்புவெளியான்:

பார்த்தேன் அக்கா. டோக்கனின் உள் ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் ஸ்டேடிக் கோலாக (எதையும் மாற்றாத வாசிப்பு அழைப்பாக) வேறொரு முகவரியை அழைக்கிறது. அனுப்புகிறவர், பெறுகிறவர், தொகை மூன்றையும் கொடுக்கிறது, பதில் 'ஃபோல்ஸ்', உடனே ரெக்வயர் என்ற நிபந்தனை விழுகிறது. குறிமுறையில் அது 'ஆன்டி பொட்' (தானாக வாங்கி விற்கும் நிரல்களைத் தடுப்பது) என்ற இன்டர்ஃபேஸ். அந்த முகவரிக்கு பிஎஸ்சி ஸ்கேனில் வெரிஃபை செய்த குறிமுறை இல்லை, வெறும் பைட்கோட் (இயந்திரத்துக்கான குறி).

வரிவரியாய்:

அப்படியென்றால் ஆள் பிடிபட்டது.

ஸ்லிதர் ஏன் பேசாமல் இருந்தது? அது கையில் கிடைத்த மூலக்குறிமுறையைத்தான் வாசிக்கும். அங்கே இருப்பது இன்டர்ஃபேஸ் மட்டும், அதாவது பெயரும் கேட்கும் விபரங்களும். உள்ளே என்ன நடக்கிறது என்பது இல்லை. அழைப்பு வியூ (வாசிக்க மட்டும்) என்று அறிவிக்கப்பட்டிருப்பதால் ரீஎன்ட்ரன்சி (வேலை முடியுமுன் திரும்ப உள்ளே நுழைவது) டிடெக்டரும் கண்டுகொள்ளாது. ஒரு வெளி அழைப்பு பொய் சொல்லக்கூடும் என்பது ஸ்லிதருக்குக் குற்றமே இல்லை. ரீஎன்ட்ரன்சி, ஓவர்ஃப்ளோ (எண் தன் எல்லையைத் தாண்டிவிடுவது) மாதிரியானவை தவறி விடுகிற பிழைகள். 2016இல் த டாவோ என்ற ஈதர் முதலீட்டு நிதியில் இருந்து 36 இலட்சம் ஈதர் போனது முதல் வகையால். ஓவர்ஃப்ளோவுக்கு சொலிடிட்டி 0.8இல் இருந்து மொழியே காவல் நிற்கிறது. உன் டோக்கனில் இருப்பது பிழை இல்லை, எழுதியவர் விரும்பி வைத்தது. அப்படியானதைக் கருவி எண்ணிக்கையில் தேடக்கூடாது. ஒவ்வொரு பரிமாற்றமும் கட்டாயம் கடக்கிற அந்த ஒரு ஃபங்ஷனை எடுத்து, "இதை நிறுத்தக்கூடியவர் யார் யார்" என்று கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். பலரும் பாவிக்கும் ஓப்பன்செப்பெலின் நூலகத்தின் ஐந்தாம் பதிப்பில் அது 'அப்டேட்', பழையவற்றில் 'பிஃபோர் டோக்கன் ட்ரான்ஸ்ஃபர்' மாதிரியான ஹூக்குகள்.

நேர்மையான ஆன்டி பொட் சேவைகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் குறிமுறையை மறைத்து வைக்கிறவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இன்னொன்று. இன்றைக்கு விற்பனை போயிருந்தாலும் நான் சரி என்று சொல்லியிருக்க மாட்டேன். முதல் வாரம் எல்லோரையும் விற்க விட்டுவிட்டு, ஆட்கள் நிறையச் சேர்ந்த பிறகு மூடலாம். ஹனிபொட் (வாங்க விட்டு விற்க விடாத பொறி) பரிசோதிக்கிற தளங்கள் பச்சை காட்டுவதும் அந்த நேரத்து நிலையை மட்டும்தான்.

கேஸ்லிமிட்:

ஓனர் பூச்சியம் என்றால் அந்த முகவரியை யாராலும் மாற்ற முடியாதே?

வரிவரியாய்:

டோக்கனில் மாற்ற முடியாவிட்டாலும், வெளியே இருக்கும் கொன்ட்ராக்டின் பட்டியலை அதன் சொந்தக்காரர் மாற்றலாம். டோக்கனிலும் மாற்ற முடியாது என்று நம்ப வேண்டாம். 'ஒன்லி ஓனர்' என்பதை மட்டும் தேடாதீர்கள். மெசேஜ் சென்டரை (அழைத்தவரின் முகவரியை) வேறு எதோடு ஒப்பிடுகிறது என்று பாருங்கள். ஸ்லிதரிலேயே 'வார்ஸ் அன்ட் ஓத்' என்று ஒரு பிரிண்டர் இருக்கிறது. எந்த ஃபங்ஷன் எந்த மாறியை எழுதுகிறது, அதற்கு மெசேஜ் சென்டர் மீது என்ன நிபந்தனை என்று அட்டவணை போட்டுத் தரும். டிடெக்டர்களை விட இந்த அட்டவணை எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

உப்புவெளியான்:

இருக்கிறது! ஆன்டி பொட் முகவரியை மாற்றும் ஃபங்ஷன் ஒன்று, கட்டண வீதத்தை மாற்றும் ஃபங்ஷன் ஒன்று. இரண்டும் ஓனரைக் கேட்கவில்லை, 'ஒப்பரேட்டர்' என்ற பிரைவேட் மாறியோடு ஒப்பிடுகின்றன. கட்டணத்துக்கு மேல் எல்லையும் இல்லை. ஆனால் பிரைவேட் என்பதால் அது யார் என்று பார்க்க முடியவில்லை.

வரிவரியாய்:

பிரைவேட் என்றால் மற்றக் கொன்ட்ராக்ட்கள் நேரே வாசிக்க முடியாது, அவ்வளவுதான். செயினில் உள்ளது எல்லோருக்கும் தெரியும். ஃபவுண்ட்ரியின் காஸ்ட் ஸ்டோரேஜ் கட்டளைக்கு முகவரியையும் ஸ்லொட் (சேமிப்பு இடம்) எண்ணையும் கொடு. மாறி இம்யூட்டபிளாக (பிறகு மாற்ற முடியாததாக) இருந்தால் ஸ்டோரேஜில் கிடைக்காது, பைட்கோடுக்குள் இருக்கும். அப்போது கன்ஸ்ட்ரக்டரில் (ஏற்றும்போது ஒருமுறை மட்டும் ஓடும் பகுதியில்) அதற்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று பார்.

உப்புவெளியான்:

ஸ்லொட்டில் கிடைத்தது. டோக்கனைச் செயினில் ஏற்றிய அதே வொலட்.

கொட்டியாரம்:

காணியை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று உறுதியைக் காட்டிவிட்டு, மற்றச் சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிற வேலை.

கேஸ்லிமிட்:

ஆனால் ஓடிட் செய்தவர்கள் இதை எப்படி விட்டார்கள்?

வரிவரியாய்:

விட்டார்களா என்று இன்னும் தெரியாது. அறிக்கையில் எந்த முகவரி, எந்தக் கமிட் ஹாஷ் (குறிமுறைப் பதிப்பின் கைரேகை மாதிரியான எண்) என்று எழுதியிருக்கிறது தம்பி? அதே அறிக்கை ஓடிட் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா? கையில் தந்த பிடிஎஃப்பை யாரும் திருத்தலாம்.

உப்புவெளியான்:

நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறது, போலி இல்லை. ஆனால் செயின் முகவரி எங்கும் இல்லை, கோப்பின் ஹாஷ் மட்டும்தான். பிஎஸ்சி ஸ்கேனில் இருந்து எடுத்த கோப்புக்கு அதே ஹாஷ் வரவில்லை. அறிக்கையில் உள்ள ஃபங்ஷன் பட்டியலில் ஆன்டி பொட்டும் இல்லை, ஒப்பரேட்டரும் இல்லை.

வரிவரியாய்:

ஓடிட் செய்தது ஒரு கொன்ட்ராக்ட், ஏற்றியது இன்னொன்று. ஹாஷ் ஒரு வெற்றிடம் கூடினாலும் மாறும், அதனால் ஹாஷை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். ஃபங்ஷன் பட்டியல் வேறு என்பதுதான் உன் சாட்சி. அந்த நிறுவனத்துக்கும் முகவரியோடு எழுதிப் போடு, தங்கள் பெயர் இப்படிப் பாவிக்கப்படுவதை அவர்களும் விரும்ப மாட்டார்கள்.

மாமாவுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டாம். 2021இல் ஸ்குயிட் டோக்கன் என்று ஒன்று வந்தது, இதே செயினில்தான். விலை 2,800 டொலரைத் தாண்டியதாகத் திரையில் காட்டியது, வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. நவம்பர் 1ஆம் திகதி சில நிமிடங்களில் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு வந்தது. அந்த வரைபடத்தைக் காட்டு. பிறகு உன் டெஸ்டை அவர் முன்னாலேயே ஓட்டு: வாங்கு, பச்சை, விற்றுப் பார், சிவப்பு.

கொட்டியாரம்:

சட்டப் பக்கமும் ஒன்று சொல்லு. மெய்நிகர் நாணயத் திட்டம் நடத்த எவருக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2021இலும் 2022இலும் அறிவித்தது. ஆள் சேர்த்தால் போனஸ் என்பது வேறு விவகாரம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துகிறவர் மட்டும் இல்லை, ஆள் சேர்க்கிறவரும் மாட்டலாம். படகுக்காரர்களுக்கு ஹாஷை விட இது கெதியாக விளங்கும்.

உப்புவெளியான்:

நேற்று இரவு மாமா வீட்டில் ஓட்டிக் காட்டினேன். சிவப்பு வந்ததும் ஒருவர் "திரும்ப ஓட்டு" என்றார், திரும்பவும் சிவப்பு. சீட்டுக் காசு போகவில்லை. ஆனால் இரண்டு பேர் ஏற்கெனவே தங்கள் காசைப் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

வரிவரியாய்:

டோக்கனை விற்கும் வழி ஒப்பரேட்டரின் கையில், உன்னால் திறக்க முடியாது. "மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டு" என்று யாராவது வந்தால் அவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. காசு யாரிடம் எப்படிப் போனது என்ற வங்கிச் சிட்டைகள், வட்ஸ்அப் செய்திகள், பரிவர்த்தனை ஹாஷ்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு போடச் சொல்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. காசு போட்ட இரண்டு பேரும் டோக்கன்காரரின் தளத்தோடு வொலட்டை இணைத்து ஏதாவது அப்ரூவ் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் வொலட்டில் மிச்சமிருக்கும் யூஎஸ்டிடியும் (டொலர் மதிப்புள்ள டோக்கன்) போகலாம். பிஎஸ்சி ஸ்கேனில் டோக்கன் அப்ரூவல் பகுதியில் அந்த இரண்டு பேருடைய வொலட் முகவரியைப் போட்டுப் பார், தெரியாத ஸ்பென்டர் (செலவழிக்க அனுமதி பெற்றவர்) இருந்தால் ரிவோக் செய், அதாவது அனுமதியை நீக்கு. ரிவோக்குக்கும் கொஞ்சம் பிஎன்பி கேஸ் (பரிவர்த்தனைக் கட்டணம்) வேண்டும், வொலட்டைத் துடைத்து வைக்க வேண்டாம்.

உப்புவெளியான்:

ஒருவருடைய வொலட்டில் எல்லையில்லாத யூஎஸ்டிடி அப்ரூவல் இருந்தது. ரிவோக் செய்தாயிற்று. மற்றவர் கடலில், பின்னேரம் கரைக்கு வந்ததும் அவருடையதையும் பார்க்கிறேன்.