குயின் மேரி கப்பலில் ஒரு ஹாலோவீன் இரவு

அக்டோபர் வந்துவிட்டால் தெற்குக் கலிஃபோர்னியாவில் டிக்கெட் போட்டுப் பயமுறுத்தும் இடங்கள் ஊருக்கு நாலு முளைத்துவிடும். பலகைச் சுவர், புகை, சிவப்புச் சாயம், காதைக் கிழிக்கும் சத்தம். சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். காரில் ஏறி உட்காரும்போதே பாதி மறந்துபோகும். லாங் பீச் துறைமுகத்தில் குயின் மேரி கப்பலுக்குள் நடந்த டார்க் ஹார்பர் என்ற ஹாலோவீன் நிகழ்ச்சி மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அங்கே நம்மைப் பயமுறுத்தும் வேலையில் பாதியைக் கப்பலே செய்துவிடுகிறது.

2010 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் அங்கே அது நடந்தது. கொரோனாவுக்கு முந்தைய ஓர் அக்டோபரில் என் கணவர், சென்னையிலிருந்து வந்திருந்த என் தங்கை, நான் மூவரும் போனோம். பகலில் கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கேயே அறை எடுத்துத் தங்கி, இரவில் பேய்ப் பாதைகளுக்கு, அதாவது வேடம் போட்ட நடிகர்கள் பயமுறுத்த நாம் நடந்து கடக்கும் இருட்டுப் பாதைகளுக்கு, போவது என்று திட்டம். கப்பல் இப்போது ஓட்டலாகவும் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதே வரிசைதான்: முதலில் பகல், அப்புறம் இரவு.

பகலில் தெரிந்துகொண்டதைச் சொன்னால்தான் இரவு புரியும். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்கில் இருந்த ஜான் பிரவுன் கப்பல் தளத்தில் கட்டிய கப்பல் இது. பொருளாதாரப் பெருமந்தத்தில் காசு இல்லாமல் 1931 டிசம்பரில் வேலை நின்று, இரண்டு வருடத்துக்கு மேல் அரைகுறையாகக் கிடந்தது. 1934 செப்டம்பரில் நீரில் இறக்கினார்கள்; 1936 மே மாதம் முதல் பயணம். நீளம் 1,019 அடி, டைட்டானிக்கைவிட நூறு அடிக்கு மேல் அதிகம். இரண்டாம் உலகப் போரில் சாம்பல் நிறம் பூசி, படையினரை ஏற்றிச் செல்லப் பயன்படுத்தினார்கள். சாம்பல் பேய் என்ற பட்டப்பெயர் அப்போது வந்ததுதான். 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறது. 1967 டிசம்பரில் லாங் பீச்சுக்கு வந்ததோடு அதன் ஓட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பேய்ப் பாதைகளுக்கு இடம் கொடுத்தது. இனி ஓடாத கப்பலுக்குக் கொதிகலன் எதற்கு என்று கொதிகலன் அறைகள் எல்லாவற்றையும் முன்பக்க எஞ்சின் அறையையும் காலி செய்துவிட்டார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே பல மாடி உயரத்துக்கு வெறும் இரும்புக் கூடு மிஞ்சியது. சில பாதைகள் வெளியே கரையில் அமைத்தவை. எனக்குப் பிடித்தவை உள்ளே இறங்கிப் போனவைதான்.

சரி, இரவுக்கு வருகிறேன். வாசலிலிருந்தே ஆரம்பித்துவிடும். தரை தெரியாத அளவுக்குப் புகை. அதற்குள்ளிருந்து முழங்காலிலும் கையிலும் இரும்புத் தகடு கட்டிய ஆட்கள் ஓடி வந்து, அப்படியே தரையில் விழுந்து, தீப்பொறி பறக்க நம் காலடி வரைக்கும் சறுக்கிக்கொண்டு வருவார்கள். உலோகம் தரையில் உரசும் அந்தச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். என் தங்கை "கையை விட்டுடாதே அக்கா" என்று பிடித்தவள் அதற்கப்புறம் கடைசி வரை விடவேயில்லை. அந்த ஆட்களின் உடல் பயிற்சியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இரவெல்லாம், மாதம் முழுவதும் அதையே செய்கிறார்கள்.

ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பாத்திரம் உண்டு: கப்பல் தலைவன், சர்க்கஸ் நடத்துபவள், சமையல்காரன், பொம்மை வைத்திருக்கும் சின்னப் பெண் மேரி. நாங்கள் முதலில் போனது அந்தச் சின்னப் பெண்ணின் பாதைக்கு. கவுன் போட்ட ஒருத்தி மூலையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கடக்கும் வரை அசையவே இல்லை. கடந்த பிறகு பின்னாலிருந்து குழந்தைக் குரலில் விளையாட வரச்சொல்லிக் கூப்பிட்டாள். கத்திக்கொண்டு மேலே பாயும் பத்துப் பேரைவிட அந்த ஒரு குரல் அதிகமாக வேலை செய்தது.

அப்புறம் பி340 என்ற பாதை. அந்த எண்ணில் உண்மையாகவே ஓர் அறை கப்பலில் இருக்கிறது. அதைப் பற்றிய பேய்க் கதைகள் பெருகி, பல வருடம் விருந்தினருக்குக் கொடுக்காமலே வைத்திருந்தார்கள். 2018 இல்தான் மறுபடி வாடகைக்கு விட்டார்கள். பாதையில் வருவது கைதி ஒருவனின் கதை. அலங்காரம் பிரமாதம், ஆனால் கதை எனக்கு ஒட்டவில்லை. ரத்தத்தை எவ்வளவு கொட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் கண் பழகிவிடுகிறது.

நான் உண்மையாகப் பயந்த இடத்தில் நடிகர் யாருமே இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு பாதையின் நடுவே முன்னால் போன கூட்டம் நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம். ஒலிபெருக்கிச் சத்தம் எங்கோ பின்னால் அமுங்கிக் கேட்டது. பக்கத்தில் அலங்காரத் துணி விலகியிருந்த இடத்தில் கப்பலின் சொந்தச் சுவர் தெரிந்தது. வரிசை வரிசையாக, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள், ஒவ்வொன்றின் மேலும் அடுக்கடுக்கான பழைய பெயின்ட். கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. பழைய எண்ணெயும் துருவும் கலந்த ஒரு வாடை. அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் என்று கணவர் சொன்னார். அவர் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பகலில் வழிகாட்டி சொன்னதை நினைவுபடுத்தினார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது அங்கேதான்.

காரணம், அன்று பகலில் பார்த்த இரண்டு விஷயங்கள் மனதில் இருந்தன. ஒன்று, 1942 அக்டோபர் 2 அன்று அயர்லாந்தின் வடக்குக் கரைக்கு அப்பால் நடந்த மோதல். ஆயிரக்கணக்கான அமெரிக்கப் படையினரோடு வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்த குயின் மேரி, தனக்குக் காவலாக வந்த குரகோவா என்ற போர்க்கப்பலின் மேலேயே ஏறி அதை இரண்டாகப் பிளந்துவிட்டது. நீர்மூழ்கிக் கப்பல்கள் திரியும் கடலில் எதற்காகவும் நிற்கக் கூடாது என்று உத்தரவு. நிற்காமல் போய்விட்டது. இறந்தவர்கள் 300 பேருக்கு மேல். கப்பலின் முன்பகுதியில் இரவில் அலறல் கேட்கிறது என்ற கதை இதையொட்டி வந்தது. எனக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. நின்று காப்பாற்ற முடியாமல் பார்த்துக்கொண்டே போன ஆயிரக்கணக்கானோரின் மனநிலையே போதும்.

இன்னொன்று, ஷாஃப்ட் ஆலியில், அதாவது உந்துவிசிறியைச் சுழற்றும் தண்டு போகும் சுரங்கத்தில், உள்ள 13ஆம் எண் கதவு. கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால் அது அடுத்த பகுதிக்குப் போகாமல் தடுக்கும் கனமான இரும்புக் கதவு அது. 1966 ஜூலையில் ஒரு பயிற்சியின்போது 18 வயது ஊழியர் ஒருவர் அதில் நசுங்கி இறந்தார். பகல் சுற்றில் கதவருகே வழிகாட்டி குரலைத் தாழ்த்தி, ஒரு நிமிடம் பொறுத்துத்தான் அடுத்ததைப் பேசினார்.

டார்க் ஹார்பரின் பாத்திரங்களில் ஹாஃப் ஹேட்ச் ஹென்றி என்று ஒருவன் உண்டு. கதவில் நசுங்கிய மாலுமியின் பேய். இரவில் அவன் எங்கள் எதிரே உடலை முறுக்கிக்கொண்டு வந்தபோது சுற்றியிருந்தவர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள். எனக்குக் கை வரவில்லை. நடிப்பில் குறை எதுவும் கிடையாது. ஆனால் சர்க்கஸ்காரியும் சமையல்காரனும் கற்பனை. இவனுக்குப் பின்னால் பெயரும் வீடும் இருந்த ஒரு பையன் இருக்கிறான். அவனோடு பழகியவர்கள் இன்னும் இருக்கக்கூடும். அந்தப் பாத்திரத்தை மட்டும் விட்டிருக்கலாம் என்று அன்றைக்கே தோன்றியது, இன்றும் அதே எண்ணம்தான். தங்கை இதை ஒப்புக்கொள்ளவில்லை. "இப்படி ஒரு வேஷம் போட்டதாலதானே இத்தனை பேர் அந்தக் கதையைக் கேக்கறாங்க" என்றாள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாங்கள் அறைக்குத் திரும்பும் வரை இதைத்தான் பேசினோம்.

அறைக்குப் போகும் நடைக்கூடத்தையும் சொல்ல வேண்டும். பழைய கப்பல்களில் தளம் நடுவில் தாழ்ந்து முன்னும் பின்னும் மெல்ல உயர்ந்து போகும். அதனால் நீண்ட நடைக்கூடத்தின் கடைசி முனை கண்ணுக்குப் படாது; எதிரே வருபவரின் கால்தான் முதலில் தெரியும். வேடம் போட்டவர்கள் வராத அந்த இடத்தில், பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரின் செருப்பைப் பார்த்துத் தங்கை நின்றுவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அந்த ஆண்டு நிகழ்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பகல் சுற்றில் காலியாகக் கிடக்கும் முதல் வகுப்பு நீச்சல் குளத்தையும், பின்பகுதியில் தண்ணீருக்குள் இன்னும் நிற்கும் அந்த ஒற்றை உந்துவிசிறியையும் விடாதீர்கள். எதிரே இருட்டில் அது தெரியும்போது, இரவில் பார்த்தது எல்லாம் சின்னதாகிவிடும். சின்னக் குழந்தைகளை இரவுக்கு அழைத்துப் போகாதீர்கள். அடைந்த இடம் ஆகாதவர்கள் கரையில் உள்ள பாதைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். இரும்புப் படிகளும் உயரமான வாசற்படிகளும் நிறைய, அதனால் ஷூ போட்டுக்கொள்வது நல்லது. இருட்டினால் துறைமுகக் காற்று நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் ஒன்று கையோடு இருக்கட்டும்.