லாஞ்ச் லக்: 'தண்டுக்காது' என்று வைப்போமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

காகித ராக்கெட் கையேட்டுக்காக ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று போன வாரம் குழுவில் கேட்டிருந்தேன். அவற்றில் மூக்குக்கூம்பு (nose cone), ஏவுதண்டு (launch rod) இரண்டையும் எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. பாக்கி நிற்பது லாஞ்ச் லக் (launch lug) மட்டும், ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டும் சின்னக் குழாய். அதற்கு ஏவுகுழல், வழிகாட்டு வளையம், கொளுவி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு நெருடுகின்றன. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் பொருள் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளி ராக்கெட்டைப் பாட்டிலில் நிறுத்திப் பற்றவைக்கிறோம். பாட்டில் தரையிலேயே நிற்கும், குச்சி ராக்கெட்டோடு போய்விடும். எங்கள் பாரமகால் சீமை (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) 1792-இல் ஆங்கிலேயக் கும்பினி கைக்குப் போகும்வரை மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. ஐதரும் திப்புவும் போரில் விட்ட இரும்புக்குழாய் ராக்கெட்டுகளிலும் நீளமான மூங்கில் கழி கட்டியிருந்தார்கள், அதுவும் கூடவே பறந்தது. மாதிரி ராக்கெட்டில் ஏற்பாடு வேறு. கழிக்குப் பதில் வாலில் துடுப்புகள். காற்று வேகமாக ஓடினால்தான் துடுப்பு வேலை செய்யும். கிளம்பும்போது அந்த வேகம் இருக்காது. விநாடிக்கு 10, 15 மீட்டர் வேகம் வரும்வரை ராக்கெட்டை நேராகப் பிடித்துக்கொள்ளத் தரையில் ஒரு கம்பி வேண்டும். 3 மி.மீ. பருமன், 90 செ.மீ. நீளம். அதுதான் ஏவுதண்டு. அந்தத் தண்டில் வழுக்கி ஏறுவதற்காக ராக்கெட்டின் விலாவில் ஒட்டும் சின்னக் குழாய்தான் லக். ஒரு மீட்டர் தாண்டினால் அதற்கு வேலை இல்லை.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ஏவுகுழல் என்றால் ராக்கெட்டே உள்ளே உட்கார்ந்து கிளம்பும் பெரிய குழாய் என்றுதான் யாரும் நினைப்பார்கள், அப்படி ஒரு கருவி தனியாக இருக்கவும் செய்கிறது. வளையம் என்றால் நீளம் மனதில் வராது. இதற்கோ மூன்று நான்கு செ.மீ. நீளம் இருந்தால்தான் ராக்கெட் தண்டில் ஆடாமல் ஏறும். கொளுவி நல்ல சொல், குழுவில் யாழ்ப்பாணத்து அண்ணன் அதற்காக எழுதியதும் புரிகிறது. ஆனால் கொளுவி என்றதும் மாட்டிக்கொள்வது தோன்றுகிறது. லக் எங்கேயும் மாட்டக் கூடாது. தன் எடையிலேயே தண்டில் வழுக்கி இறங்க வேண்டும்.

என் சொல் பாலக்கோட்டில் நடந்த ராக்கெட் பட்டறைப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு ராக்கெட்டான எஸ்எல்வி-3-ஐ நாற்பதில் ஒரு பங்காகச் செய்துகொண்டிருந்தோம். நிஜ ராக்கெட் 22 மீட்டர் உயரம், 1 மீட்டர் விட்டம். எங்களுடையது 55 செ.மீ. உயரம், இரண்டரை செ.மீ. விட்டம். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அட்டையில் அச்சடித்து, வெட்டி, சுருட்டி ஒட்டியது. மோட்டார் மட்டும் தொழிற்சாலையில் செய்தது, அதை உரிமம் உள்ளவர் ஒருவர் வந்து பொருத்துவார். மருந்து இடிக்கும் வேலைக்கு நாங்கள் போவதே இல்லை. கேழ்வரகு அறுத்த கொல்லையில், காற்று எழும்பாத காலை நேரத்தில் நிறுத்தி, எண்ணி முடித்து விட்டோம். ராக்கெட் தண்டில் பாதி ஏறும்போதே சாய்ந்தது. வேலிப்பக்கம் தாழப் பறந்து மாந்தோப்புக்குள் விழுந்தது. எல்லோரும் தள்ளி நின்றதால் யாருக்கும் ஒன்றுமில்லை. முதலில் ஓடிப்போய் எடுத்த பையன் அங்கிருந்தே கத்தினான்: "அண்ணா, காது பிஞ்சிருச்சு!"

யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. பட்டறையில் பிள்ளைகள் தங்களுக்குள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

காது பிய்ந்ததற்குத் தப்பு என்னுடையது. அச்சு மை படிந்த பளபளப்பின் மேலேயே ஒட்டச் சொல்லிவிட்டேன். பசை மையைப் பிடித்தது, மை தாளை விட்டது. ஒட்டும் இடத்தை அச்சில் வெள்ளையாக விட வேண்டும், இல்லையென்றால் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். கையேட்டில் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் காது ஏற்கெனவே இந்த வேலையைத் தமிழில் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஊசிக்காதில் நூல் நுழைகிறது. பைக்குக் காது, வாணலிக்குக் காது. எல்லாவற்றையும்விட மண்வெட்டிக் காது: பிடி நுழையும் அந்தத் துளைக்கும் லக்குக்கும் வேலை ஒன்றே, ஒரு தண்டு உள்ளே போய் வர இடம் தருவது. இன்னொன்று, லக் என்ற சொல்லுக்கே ஸ்காட்லாந்துப் பேச்சில் காது என்றுதான் பொருள். இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

வெறும் காது என்று அகராதியில் போட முடியாது, சரி. அதனால் தண்டுக்காது. ஊசிக்காது ஊசியில் இருக்கிறது, தண்டுக்காது தண்டில் இல்லையே என்று நம் குழுவின் திருச்சி ஐயா கேட்பார் என்று தெரியும். மாட்டுத்தீவனம் மாட்டுக்கான தீவனம், அதுபோல இது தண்டுக்கான காது. நான்காம் வேற்றுமைத் தொகையாகக் கொள்ளலாம். பேச்சில் காது போதும்: காது ஒட்டு, காது தண்டைப் பிடிக்கிறது, மேல்காது, அடிக்காது. நீளமான ராக்கெட்டுக்கு இரண்டு ஒட்டும்போது இந்தப் பிரிப்பு உடனே தேவைப்படும். வழிகாட்டு வளையத்தில் இவ்வளவு சுருக்கமாகப் பேச வராது.

அகராதிப் பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "தண்டுக்காது: ஏவுதண்டில் வழுக்கி ஏறுவதற்காக மாதிரி ராக்கெட்டின் பக்கவாட்டில், உடலுக்கு இணையாக ஒட்டப்படும் சிறு குழாய்."

யாழ்ப்பாணத்து அண்ணன், உங்கள் பக்கம் மண்வெட்டிக்கும் கோடரிக்கும் காது என்றுதான் சொல்கிறீர்களா? ஆம் என்றால் இரண்டு கரைக்கும் ஒரே சொல்லாக வைத்துவிடலாம். மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை பாகங்களின் படம் உள்ள பக்கம் அச்சுக்குப் போகிறது, அதில் இந்த ஒரு அம்புக்குறிக்கு மட்டும்தான் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறேன்.