சபையில நின்னவுகளுக்கு போன் வந்தா கிளம்பிடணுமா?

தேவகோட்டை மருமக:
எங்க வீட்டுக்காரக கிரைம் இன்ஸ்பெக்டர். போன வாரம் மகளுக்கு சடங்கு, சபையில மாலையோட நிக்கிறாக, போன் வந்துச்சு, மாலைய கழட்டி எங்கிட்ட குடுத்துட்டு ஜீப்ல ஏறிட்டாக. என்னன்னா கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக்கெடந்த வீட்ல ரெண்டாங்கட்டு தேக்கு கதவைப் பேத்துட்டானுகளாம். வீட்டு ஆளுக மலேசியாவுல, முன்னோருக்குக் கும்புடுற படைப்புக்கு வந்து தொறந்தாத்தான் தெரியுது. எப்ப போச்சுன்னே தெரியாத கதவுக்கு அன்னைக்கே ஓடணுமா?

பழைய எஸ்.ஐ:
ஓடணும் தாயி. அவுக நாலு நாள்ல பிளைட் ஏறிருவாக, வாக்குமூலம் யாருட்ட வாங்குறது? கேமராவுல பழசு அழிஞ்சு புதுசு பதிஞ்சிரும். ஆளைப் பிடிச்சாலும் 60 நாள்ல, பெரிய கேஸ்னா 90 நாள்ல குற்றப்பத்திரிகை போடலைன்னா ஜாமீனை உரிமையா வாங்கிட்டுப் போயிருவான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல இது 167ஆம் பிரிவு, 2024 ஜூலையிலேர்ந்து புதுச் சட்டத்துல 187, ஆனா அந்த 60, 90 நாள் கணக்கு மாறல. லீவுன்னு பாத்தாலும், 2021ல வார ஓய்வுன்னு ஆணை போட்டது காவலர், ஏட்டுகளுக்குத்தான்.

போலீஸ்காரர் மக:
வராதது கூட பரவால்ல, வந்தாத்தான் கொடுமை. பத்தாவது படிக்கிறப்ப டியூசன் முடிஞ்சு 20 நிமிசம் லேட்டு. எங்கப்பா என்னை திண்ணையில உக்கார வச்சு ஒரே கேள்விய மூணு விதமா கேட்டாரு, அப்புறம் என் ஃப்ரெண்டை தனியா கூப்புட்டு அதே மூணு கேள்வி. ரெண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போச்சு. "சரி, போய் சாப்புடு"ன்னாரு, அவ்ளோதான்.

பழைய எஸ்.ஐ:
புத்தி அப்படியே பழகிருதும்மா, யூனிஃபார்ம் மாதிரி கழட்டி மாட்ட முடியல.

பள்ளத்தூரான்:
எல்லாரும் ரொம்ப பண்றீங்கப்பா. எங்க ஐயா காலத்துல பர்மாவுக்கு வட்டிக்கு விடுற லேவாதேவிக்குப் போனவுக 3 வருசம் கழிச்சுத்தான் திரும்புவாக. ஆச்சிமாருக ஒத்தையில புள்ளைய வளத்து வரவு செலவும் பாத்தாக. யாரும் புலம்பல.

தேவகோட்டை மருமக:
புலம்பலைன்னு உங்களுக்கு யாரு சொன்னா, ஐயாவா ஆச்சியா? அதோட 3 வருசம்னு ஒரு கணக்கு இருந்துச்சுல்லண்ணே, கப்பல் எப்ப வரும்னு தெரியும். எனக்கு ராத்திரி மிச்ச சோத்துல தண்ணி ஊத்தலாமா வேணாமாங்கறதே தெரியல.

பழைய எஸ்.ஐ:
ஊத்திரு தாயி. எங்க வீட்ல 11 மணிக்கு மேல பாக்க மாட்டா. வந்து நீச்சத்தண்ணியத்தான் குடிப்பேன்.