அம்மாவுக்கு இப்போதே ஃப்ளூ ஊசி போடலாமா?

பினாங்கு உறவுகளே, வணக்கம். பட்டர்வொர்த்தில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இனிப்பு நீரும் (நீரிழிவு) உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியே தீருவேன் என்கிறார். அந்தக் கூட்டத்தில் புதிய எச்3என்2 'கே' வகை ஃப்ளூ காய்ச்சல் தொற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பக்கத்து கிளினிக்கில் இருப்பது வடகோளத்துக்கான (பூமியின் வட பாதி நாடுகளின் குளிர்காலத்துக்கான) ஊசி. அதற்குரிய கிருமி வகைகளை உலகச் சுகாதார நிறுவனம் 2025 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. 'கே' பரவியது அதற்குப் பிறகு என்பதால், ஊசி அதற்கு முழுதாகப் பொருந்தவில்லை. ஆனாலும் பிரிட்டனின் முதற்கட்டக் கணக்கில், மருத்துவமனைக்குப் போகும் நிலையைப் பெரியவர்களிடம் 30 முதல் 40 விழுக்காடும், பிள்ளைகளிடம் 70 விழுக்காட்டுக்கு மேலும் இந்த ஊசி குறைத்திருக்கிறது. ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் தள்ளிப்போடவும் மனமில்லை.

அக்காவோ, தென்கோளத்துக்கான 2026 ஊசி வரட்டும் என்கிறார். நம் நாட்டில்தான் ஆண்டு முழுவதும் ஃப்ளூ இருக்கிறதே, காத்திருப்பது சரியா? இனிப்பு நீர் உள்ள பெற்றோருக்குப் போட்டவர்களும், தாதியரும், மருந்தகத்தில் வேலை செய்பவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள். முதியவர்களுக்கான கூடுதல் வீரிய ஊசி இங்கே எங்கு கிடைக்கும், என்ன விலை?