மூன்று சென்சஸில் மூன்று நாடு: சின்சினாட்டிக்கு வந்த ஜெர்மன்காரரின் சொந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓஹையோ மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் சின்சினாட்டிக்காரர். என் மாமியாரின் கொள்ளுத்தாத்தா ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர், பெயர் ஹென்றி. எந்த ஊர் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாமியாருக்கு 84 வயது. "கண்ணை மூடுவதற்குள் அந்த ஊர்ப் பெயரையாவது கேட்டுவிட வேண்டும்" என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து ஆறு மாதமாகத் தேடுகிறேன்.

1860 சென்சஸில் அவர் பிறந்த இடம் ஹானோவர். 1870-இல் பிரஷ்யா. 1880-இல் ஜெர்மனி. வயதும் மனைவி பெயரும் பொருந்துகின்றன. ஆனாலும் மூன்றும் ஒரே ஆள்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. "பிரெமனிலிருந்து வந்தோம்" என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. பிரெமன் துறைமுகப் பட்டியல்களைத் தேடினால் ஒன்றுமே இல்லை. கத்தோலிக்கக் குடும்பம். குடும்பப் பெயரை இங்கே போட விரும்பவில்லை, மன்னிக்கவும். அடுத்து எங்கே போவது?

பழைய பதிவேடு:
சகோதரி, கவலைப்படாதீர்கள், மூன்றும் ஒரே ஆளாகத்தான் இருக்கும். அவர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. ஹானோவர் தனி ராஜ்யமாக இருந்தது. 1866 போரில் பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மன் ராஜ்யம் அதை விழுங்கியது. 1871-இல் ஜெர்மன் பேரரசு உருவானது. சென்சஸ் எடுக்க வந்தவர் கேட்டபோது ஊர் எந்தக் கொடியின் கீழ் இருந்ததோ, அதைச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைத்த மூன்றில் 1860-தான் தங்கம். தேட வேண்டிய பரப்பை அது பழைய ஹானோவர் ராஜ்யத்துக்குள் அடக்கிவிட்டது.

பிரெமனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகம், பிறந்த ஊர் இல்லை. அங்கே பயணிகள் பட்டியல் எழுதத்தான் செய்தார்கள். ஆனால் 1875 முதல், வைக்க இடமில்லை என்று மூன்று வருடத்துக்கு மேற்பட்டவற்றை அழித்துவந்தார்கள். மிச்சமும் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் போய்விட்டது. உங்கள் தேடலில் குறை ஒன்றும் இல்லை. (ஹாம்பர்க் துறைமுகப் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பிழைத்திருக்கின்றன, அவற்றில் சொந்த ஊரும் இருக்கும். ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

இன்னொன்று, இப்போதே ஜெர்மனிக்குத் தாவாதீர்கள். ஊர்ப் பெயர் பெரும்பாலும் அமெரிக்கக் கரையில்தான் கிடைக்கும். அவர் கல்யாணம் செய்த சின்சினாட்டி பங்குக் கோயிலின் திருமணப் பதிவேட்டைக் கேளுங்கள். ஜெர்மன் பாதிரியார்கள் எழுதியவற்றில் மணமக்களின் சொந்த ஊர் அடிக்கடி இருக்கும். அவரை மட்டும் தேடாமல் கூடப்பிறந்தவர்கள், கல்யாணச் சாட்சிகள், பிள்ளைகளின் ஞானப்பெற்றோர், பக்கத்து வீட்டார் எல்லாரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரே தெருவில் குடியேறிய காலம் அது.

மில்வாக்கி தம்பி:
அக்கா, குடியுரிமைப் பத்திரத்துக்குக் காசு கட்ட நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். 1906-க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் இன்ன ராஜாவுக்கு இனி நான் குடிமகன் இல்லை என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. என் மனைவி வீட்டாருக்காக நான் அப்படி ஏமாந்தேன். கடைசியில் ஊரைச் சொன்னது ஒரு கல்லறைக் கல். பழைய கடிதம், ஜெபப்புத்தகம், இறந்தவர் நினைவு அட்டை என்று வீட்டில் எதுவும் இல்லையா?

ஓஹையோ மருமகள்:
தம்பி, நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. மாமியாரின் அலமாரியில் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு ஜெபப்புத்தகம் இருக்கிறது. முதுகுத் தோல் உரிந்து, நூல் தெரிகிறது. முன் அட்டையின் உட்புறத்தில் பழுப்பு மையில் ஒரு வரி. முதல் சொல் ஹைன்ரிச் என்று படிக்க முடிகிறது, ஹென்றியின் ஜெர்மன் வடிவம். கடைசிச் சொல்லில் ஐந்து எழுத்து: ஏ, என், கே, என், எம் (A, n, k, n, m). அப்படி ஓர் ஊர் வரைபடத்திலேயே இல்லை.

பழைய பதிவேடு:
நான்காவது எழுத்தின் தலைமேல் பிறை மாதிரி ஒரு சின்ன வளைவு இருக்கிறதா, பாருங்கள்.

ஓஹையோ மருமகள்:
இருக்கிறது! மைக்கறை என்று நினைத்தேன்.

பழைய பதிவேடு:
அப்படியானால் அது 'என்' (n) இல்லை, 'யூ' (u). அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்துக்கு குர்ரென்ட் என்று பெயர். அதில் u, n இரண்டுமே ஒரே மாதிரி இரண்டு கோடுதான். குழப்பம் வராமலிருக்க யூவின் மேல் வளைவு போடுவார்கள். இப்போது சேர்த்துப் படியுங்கள்: அங்கும் (Ankum). ஓஸ்னாப்ரூக் நகரத்துக்கு வடக்கே இருக்கிற ஊர், பழைய ஹானோவர் ராஜ்யத்துக்குள்தான். அந்த வட்டாரத்திலிருந்து சின்சினாட்டிக்கு நிறையப் பேர் வந்தார்கள்.

ஆனால் திருமணப் பதிவேட்டையும் பார்த்த பிறகு நம்புங்கள். அதோடு, 'அங்கும்' என்பது ஒரு பெரிய பங்கின் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தின்) பெயர். ரூசெல், ட்ரூக்ஹோர்ன் என்று சுற்றுவட்டக் குக்கிராமங்கள் அதில் அடங்கும். வெளியூரில் கேட்டால் எல்லாரும் அங்கும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஓஸ்னாப்ரூக் மறைமாவட்டத்தின் பழைய ஏடுகள் மாட்ரிகுலா என்ற இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஹைன்ரிச் என்று மட்டும் தேடாதீர்கள். முன்னால் யோஹான் இருக்கலாம், கூப்பிடுவது இரண்டாவது பெயரைத்தான்.

மில்வாக்கி தம்பி:
அந்தப் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு அக்கா. பண்ணை வீட்டுப் பெண்ணைக் கட்டி அங்கேயே குடியேறியவர் பண்ணையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொள்வார். இரண்டு குடும்பப் பெயருக்கு நடுவில் கெனான்ட் என்று வந்தால், அந்த ஆளுக்கு இரண்டு பெயர் என்று அர்த்தம். அப்பா பெயரும் பிள்ளை பெயரும் ஒத்துப்போகவில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

ஓஹையோ மருமகள்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், கிடைத்துவிட்டது!

திருமணப் பதிவேட்டிலும் அங்கும் என்றே இருந்தது. அப்புறம் ஞானஸ்நான ஏட்டை ராத்திரி ராத்திரியாகப் புரட்டினேன். 1831, யோஹான் ஹைன்ரிச், ஊர் ட்ரூக்ஹோர்ன். அப்பாவின் தொழில் ஹொயர்லிங் என்று இருந்தது. தேடிப் பார்த்தேன். சொந்த நிலம் இல்லாமல், பண்ணைக்காரரிடம் குடிசையும் துண்டு நிலமும் குத்தகைக்கு வாங்கி, அவர் கூப்பிடும்போதெல்லாம் வேலைக்குப் போக வேண்டியவர்கள். வீட்டில் நூல் நூற்றும் துணி நெய்தும் கொஞ்சம் சம்பாதித்திருக்கிறார்கள். ஆலைத்துணி வந்ததும் அதுவும் போயிற்று. ஏன் கப்பலேறினார் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஞானத்தாயின் குடும்பப் பெயரைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. 1860 சென்சஸில் இவர்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர்களின் பெயர் அது. பழைய பதிவேடு ஐயா சொன்ன தாளில் எழுதி வைத்திருந்தேன்.

மாமியாருக்கு ட்ரூக்ஹோர்ன் வாயில் நுழையவில்லை, நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு பென்சில் கேட்டார். ஜெபப்புத்தகத்தைத் திறந்து, அந்தப் பழுப்பு வரிக்குக் கீழே, வீட்டில் எல்லாரும் படிக்கிற எழுத்தில் ஊர்ப் பெயரை எழுதி வைத்தார்.